முதுகில் சுமந்த பிள்ளை

மார்ச் மாதம் என்றால் மரக்காணத்தில் உப்பு வாரும் காலம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்தில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பார்கள். இருபக்கமும் பாத்தி பாத்தியாக உவர்நீர், வரப்போரம் வெள்ளைக் குவியல்கள். வெயில் ஏறுவதற்குள் பாதி வேலையை முடித்துவிட வேண்டும் என்பதால் விடியும் முன்பே பாத்திக்குள் இறங்கிவிடுகிறார்கள். ஒருவர் பலகையால் உப்பை இழுத்து வரப்பில் ஏற்றுவார். இன்னொருவர் கூடையில் அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு போய் மேட்டில் கொட்டுவார். அந்தத் தலைச்சுமையில் பெரும்பங்கு பெண்களுடையது.

அந்தப் பெண்களின் பிள்ளைகள் படிக்கும் ஒரு மாலை நேர வகுப்புக்குச் சென்ற ஆண்டு பேசப் போயிருந்தேன். சுவரில் அம்பேத்கர் படம். அதற்குப் பக்கத்தில், நெற்றியில் பெரிய பொட்டு, தலையில் முக்காடு, நேராகப் பார்க்கும் ஒரு பெண்மணியின் படம். யார் என்று கேட்டதும் எல்லோரும் ஒரே குரலில் சாவித்ரிபாய் பூலே என்றார்கள். பெண்களுக்குப் பள்ளிக்கூடம் திறந்தவர், அவர் மீது சாணியை எறிந்தார்கள் என்பது வரைக்கும் தெரிந்திருந்தது. எப்படி இறந்தார் என்று கேட்டேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. நம்முடைய பேச்சுப் போட்டிக் குறிப்புகளும் ஆண்டுவிழா உரைகளும் அவரைப் பள்ளிக்கூட வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன.

இன்று மார்ச் 10. 1897ஆம் ஆண்டு இதே நாளில், பூனா நகரத்தையொட்டிய ஹடப்சரில் சாவித்ரிபாய் இறந்தார். அப்போது வயது 66. பூனாவில் பிளேக் பரவிக்கொண்டிருந்தது. முண்ட்வா என்ற ஊரின் மகர் சேரியில் நோய் கண்டு கிடந்த ஒரு சிறுவனைத் தன் முதுகில் சுமந்து, மகன் நடத்திய சிகிச்சை முகாமுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்த நோய் அவரையும் பற்றிக்கொண்டது. கொரோனாவைப் பார்த்துவிட்ட நமக்கு, அந்தக் கடைசிச் சில வாரங்களைப் புரிந்துகொள்ளும் அறிவு முன்பைவிடக் கொஞ்சம் கூடியிருக்கும். ஆனால் கடைசி வாரத்தை மட்டும் சொன்னால் அது ஒரு தியாகக் கதையாக முடிந்துவிடும். அந்தச் சிறுவனைத் தூக்கியது ஒரே நாளில் வந்த துணிச்சல் இல்லை. அதற்குப் பின்னால் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுப் பழக்கம் இருக்கிறது.

சாவித்ரிபாய் 1831 ஜனவரி 3 அன்று மராட்டியத்தின் சதாரா மாவட்டத்து நைகாவ் கிராமத்தில் பிறந்தார். மாலி என்ற பூ, காய்கறித் தோட்டக்காரச் சாதி. ஒன்பது வயதில், 1840இல் ஜோதிராவ் பூலேவுக்கு மணம் முடித்துக் கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு வயது பதின்மூன்று. எழுதப் படிக்கத் தெரியாமல் வந்த மனைவிக்குக் கணவரே பாடம் சொல்லிக்கொடுத்தார். பிறகு ஆசிரியப் பயிற்சியும் பெற்று, 1848இல் பூனாவின் பிடே வாடா என்ற வீட்டில் தொடங்கிய பெண்கள் பள்ளிக்குச் சாவித்ரிபாய் ஆசிரியை ஆனார். தெருவில் போகும்போது சாணியும் கல்லும் வந்து விழுந்தன. மாற்றிக்கொள்ள இன்னொரு புடவையைப் பையில் வைத்துக்கொண்டு போனார் என்ற கதை உங்களுக்குத் தெரியும். ஊர்ப் பேச்சுக்குப் பயந்த மாமனார், 1849இல் மகனையும் மருமகளையும் வீட்டைவிட்டு வெளியே அனுப்பினார். உஸ்மான் ஷேக் என்ற முஸ்லிம் நண்பர் வீட்டில் இடம் கொடுத்தார்.

அடுத்த சில ஆண்டுகளில் மகர், மாங் சாதிப் பிள்ளைகளுக்கென்றே பள்ளிகள் திறந்தார்கள். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் சேரிப் பிள்ளைகளின் பள்ளி. அந்தப் பள்ளியில் படித்தவள் முக்தா சால்வே என்ற மாங் சாதிச் சிறுமி. அவள் எழுதிய கட்டுரை 1855இல் ஞானோதயா என்ற பத்திரிகையில் வந்தது. மகர், மாங் மக்களின் துயரங்கள் பற்றிய கட்டுரை. இந்த நாட்டில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண் ஒருத்தி எழுதி அச்சான முதல் எழுத்துகளில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். எங்களுக்கு மதம் எது என்று அதில் அவள் கேட்டது பலராலும் எடுத்துப் பேசப்படுகிறது. அதே கட்டுரையில் அதிகம் பேசப்படாத இன்னொரு கேள்வியும் இருக்கிறது. எங்கள் பெண்கள் மேற்கூரைகூட இல்லாத இடத்தில் மழையிலும் குளிரிலும் பிள்ளை பெறுகிறார்கள், அவர்களுக்கு நோய் வந்தால் மருந்துக்கும் மருத்துவருக்கும் பணத்துக்கு எங்கே போவார்கள், உங்களில் எந்த மருத்துவராவது இலவசமாகப் பார்க்கும் அளவுக்கு மனிதராக இருந்ததுண்டா என்ற பொருளில் கேட்டிருந்தாள். மூன்றே ஆண்டு பள்ளிக்கூடம் போன பிள்ளையின் கேள்வி அது. அந்தக் கேள்வியை அவளுடைய ஆசிரியை மறக்கவில்லை என்றுதான் பின்னால் நடந்ததைப் பார்த்தால் எனக்குத் தோன்றுகிறது.

1856இல் சாவித்ரிபாய்க்கே உடம்பு சரியில்லாமல் போனது. தாய்வீட்டுக்குப் போய் இருந்தார். அங்கிருந்து கணவருக்கு எழுதிய கடிதம் இன்றும் கிடைக்கிறது. படுக்கையில் கிடந்தவரைச் சகோதரர் கவனித்துக்கொள்கிறார். கூடவே கோபித்துக்கொள்ளவும் செய்கிறார். மகர்களுக்கும் மாங்குகளுக்கும் பாடம் சொல்லிக்கொடுத்துக் குடும்பத்துக்குக் கெட்ட பெயர் தேடித் தந்துவிட்டீர்கள் என்பது அவர் வாதம். ஆட்டையும் பசுவையும் தொட்டுத் தடவுகிற நாம் மனிதரைத் தொட மறுக்கிறோமே என்பதாகச் சாவித்ரிபாய் பதில் சொல்கிறார். உடம்பு தேறாத நிலையிலும் அவர் கவலை முழுக்கப் பள்ளியின் மேல்தான். தான் இல்லாததால் பாத்திமாவுக்கு வேலைச் சுமை கூடியிருக்குமே என்று அதே கடிதத்தில் வருந்துகிறார்.

தொடுவது என்பது அந்த வீட்டில் பேச்சோடு நிற்கவில்லை. 1863இல், கருவுற்ற விதவைகள் வந்து பிள்ளை பெற்றுக்கொள்ள ஓர் இல்லம் திறந்தார்கள். அந்தக் காலத்தில் இளம் வயதில் விதவையான பார்ப்பனப் பெண்கள் கருவுற்றால் இரண்டே வழி. குழந்தையைக் கொல்ல வேண்டும், அல்லது தானே சாக வேண்டும். அப்படி வந்த காசிபாய் என்ற பெண்ணின் குழந்தையைச் சாவித்ரிபாய் எடுத்து வளர்த்தார். தனக்குக் குழந்தை இல்லாத அந்த அம்மாவுக்கு மகனானவர் யஷ்வந்த். அவரைப் படிக்க வைத்து மருத்துவராக்கினார்கள். 1868இல், ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாத மக்களுக்காகத் தங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிட்டார்கள். ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு அடுத்தவர் கிணற்றங்கரையில் காத்து நின்றவர்களுக்கு இதன் அருமை புரியும். உப்புத் தண்ணீர் ஊர்களில் அதைப் புரிய வைக்கத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஆண்டே நைகாவிலிருந்து இன்னொரு கடிதம். கணேஷ் என்ற பார்ப்பன இளைஞனும் சார்ஜா என்ற மகர் பெண்ணும் விரும்பியிருக்கிறார்கள். பெண் கருவுற்றிருக்கிறாள். ஊர் இரண்டு பேரையும் அடித்து இழுத்துக்கொண்டு போகிறது, கொல்வதற்கு. சாவித்ரிபாய் ஓடிப்போய்க் குறுக்கே நின்று, ஆங்கிலேயர் சட்டத்தில் கொலைக்கு என்ன தண்டனை தெரியுமா என்று பயம் காட்டித் தடுத்தார். பிறகு இருவரையும் பூனாவுக்குக் கணவரிடம் அனுப்பிவைத்தார். நூற்றைம்பது ஆண்டு கழித்தும் நம் பக்கத்து ஊர்களில் இப்படி ஓடிப்போய்க் குறுக்கே நிற்க ஆள் தேடவேண்டியிருக்கிறது. சரி, அது இன்றைய விஷயம் இல்லை.

1873 செப்டம்பர் 24 அன்று ஜோதிராவ் சத்யசோதக் சமாஜம் என்ற அமைப்பைத் தொடங்கினார். உண்மையைத் தேடுவோர் சங்கம் என்று பொருள். சாவித்ரிபாயின் நம்பிக்கை என்ன என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும். அவர்கள் கடவுளை மறுத்தவர்கள் அல்லர். எல்லோரையும் படைத்தவர் ஒருவர், அவருக்கும் மனிதருக்கும் நடுவில் தரகர் தேவையில்லை, அவர் முன்னால் பிறப்பால் உயர்ந்தவரும் இல்லை தாழ்ந்தவரும் இல்லை என்பதுதான் அவர்கள் பிடித்துக்கொண்டது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே புரோகிதர் இல்லாத திருமணத்தை நடத்திக் காட்டினார்கள். நம் ஊர்ச் சுயமரியாதைத் திருமணத்துக்கு அரை நூற்றாண்டுக்கும் முந்தியது அது.

அந்த நம்பிக்கைக்குப் பெரிய சோதனை 1876, 1877இல் வந்த பஞ்சம். தமிழ்நாட்டில் அதைத் தாது வருடப் பஞ்சம் என்று பாட்டிமார்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தக்காணத்தையும் சென்னை மாகாணத்தையும் ஒன்றாக வாட்டிய ஒரே பஞ்சம்தான். மரக்காணத்துக்காரர்களுக்கு அதன் அடையாளம் ஒன்று ஊரோரமே கிடக்கிறது. சென்னையிலிருந்து மரக்காணம் வரை வரும் பக்கிங்காம் கால்வாய் அந்தப் பஞ்ச காலத்து ஆளுநரின் பெயரைத் தாங்கியது. சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டைப் பஞ்ச நிவாரண வேலையாகத்தான் வெட்டினார்கள். பசித்தவன் மண் வெட்டினால்தான் கூலி. அந்தக் கூலியையும் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதோடு கொஞ்சம் காசு என்று குறைத்தார். ஒரு பவுண்டு என்பது அரை கிலோகூட இல்லை. அதே டெம்பிள் 1877இல் பம்பாய் மாகாணத்துக்கே ஆளுநராகப் போனார். சாவித்ரிபாய் வாழ்ந்த மாகாணம் அது.

அந்த ஏப்ரலில் ஜுன்னர் வட்டத்து ஓத்தூரிலிருந்து அவர் எழுதிய கடிதத்தில், காய்ந்து கிடக்கும் நிலமும் செத்து விழும் மாடுகளும் ஊரைவிட்டு ஓடும் மக்களும் வருகிறார்கள். வட்டிக்கடைக்காரர்கள் பஞ்சத்தை வைத்து அக்கிரமம் செய்ய, கலவரம் மூள்கிறது. நிவாரண வேலையில் இருந்த சத்யசோதக் தொண்டர்களைப் பிடித்து அடைத்துவிடுகிறார்கள். சாவித்ரிபாய் நேரே கலெக்டரிடம் போய் வாதாடி அவர்களை விடுவித்தார். கலெக்டர் நான்கு மாட்டு வண்டிகளில் சோளமும் அனுப்பிவைத்தார். பெற்றோரைப் பறிகொடுத்த, பட்டினி கிடந்த பிள்ளைகளுக்குச் சோறு போட இடங்கள் ஏற்படுத்தினார்கள். யார் எந்தச் சாதி என்று பார்த்துப் பந்தி போடவில்லை. பசியில்கூட தீட்டுப் பார்த்துச் செத்தவர்கள் உண்டு என்பதை மனதில் வைத்துக்கொண்டு இந்தப் பந்தியை நினைத்துப் பாருங்கள்.

1890 நவம்பர் 28 அன்று ஜோதிராவ் இறந்தார். இறுதி ஊர்வலத்தில் முன்னால் தீச்சட்டி ஏந்திப் போக யஷ்வந்துக்கு உரிமை இல்லை, அவன் தத்துப்பிள்ளை என்று உறவினர்கள் தகராறு செய்தார்கள். பேசிப் பார்த்துப் பயனில்லை என்று தெரிந்ததும் சாவித்ரிபாய் தானே சட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். கணவரின் சிதைக்குத் தானே தீ வைத்தார். பெண்கள் சுடுகாட்டுக்கே வரக்கூடாது என்ற நாட்டில், அந்தக் காலத்தில். அதன் பிறகு சமாஜத்தின் வேலையைத் தோளில் போட்டுக்கொண்டு, 1893இல் சாஸ்வடில் நடந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார்.

இப்படி 65 வயதைத் தாண்டிய நேரத்தில்தான் பிளேக் வந்தது.

1896 செப்டம்பரில் பம்பாய்த் துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வி பகுதியில் அகாசியோ வீகாஸ் என்ற மருத்துவர் முதலில் கண்டுபிடித்தார். கடும் காய்ச்சல், தொடை இடுக்கிலும் அக்குளிலும் நெறிகட்டி வீங்கும், சில நாள்களில் உயிர் போய்விடும். நோய்க் கிருமியை 1894இல் ஹாங்காங்கில் கண்டுபிடித்திருந்தார்கள். ஆனால் எலியின் உடம்பில் இருக்கும் தெள்ளுப்பூச்சிதான் அதை மனிதருக்குக் கடத்துகிறது என்று 1898இல்தான் ஒரு பிரெஞ்சு மருத்துவர் சொன்னார். அதையும் உலகம் நம்பச் சில ஆண்டுகள் பிடித்தது. தடுப்பூசியை ஹாஃப்கின் என்ற அறிவியலாளர் 1897 ஜனவரியில் பம்பாயில் தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்தார். ஊருக்கெல்லாம் அது வந்து சேரவில்லை. அடுத்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் பிளேக்கில் செத்தார்கள். நம் பக்கமும் வந்தது. கோவையில் இன்றும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருப்பது அதனால்தான்.

நோய் எப்படிப் பரவுகிறது என்று தெரியாதபோது அரசாங்கம் கைக்கு வந்ததைச் செய்தது. வீடு வீடாகச் சோதனை, நோயாளியைப் பிடித்துக்கொண்டு போவது, துணிமணிகளை எரிப்பது. கொண்டுபோனவர் திரும்ப மாட்டார் என்று மக்கள் நம்பினார்கள். 1896 அக்டோபரில் பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் தொற்றுநோய் மருத்துவமனையையே தாக்கினார்கள். இங்கே நம் பத்திக்குரிய ஒரு செய்தி இருக்கிறது. கெடுபிடி தாங்காமல் துப்புரவுத் தொழிலாளர்கள் ஊரைவிட்டுப் போய்விட்டால் பம்பாய் நாறிப்போகும் என்று நகர நிர்வாகம் பயந்தது. விதிகளைத் தளர்த்தியதற்கு அந்தப் பயமும் ஒரு காரணம். சாதாரண நாளில் தெருவில் ஒதுங்கி நிற்கச் சொன்னவர்களை, கொள்ளைநோய் நாளில் போகாதே என்று பிடித்து வைக்க வேண்டியிருந்தது.

1897 பிப்ரவரி 4 அன்று தொற்றுநோய்ச் சட்டம் கொண்டுவந்தார்கள். நான்கே பிரிவுகள். சோதனை போடவும் தடுத்து வைக்கவும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. மீறினால் தண்டனை உண்டு. அதிகாரி மேல் வழக்குப் போட முடியாது. நோயாளிக்கு என்ன செய்ய வேண்டும் என்று அதில் ஒரு வரி இல்லை. 2020இல் கொரோனா வந்தபோது நாம் கையில் எடுத்ததும் அதே சட்டம்தான்.

சட்டத்தில் இல்லாததைச் சாவித்ரிபாய் செய்யப் பார்த்தார். யஷ்வந்த் அப்போது ராணுவ மருத்துவப் பணியில் இருந்தார். அம்மா அழைத்ததும் விடுப்பு எடுத்து வந்தார். பூனாவுக்கு வெளியே ஹடப்சரில் சசானே மளா என்ற தோட்ட நிலத்தில் சிகிச்சை முகாம் போட்டார்கள். நெரிசல் இல்லாத திறந்தவெளி. மகன் வைத்தியம் பார்க்க, அம்மா நோயாளிகளைத் தேடிப் போய்க் கொண்டுவந்தார். அரசாங்க ஆள் வந்தால் கதவைச் சாத்திக்கொண்டவர்கள் இந்தக் கிழவி வந்தால் திறந்தார்கள். ஐம்பது ஆண்டாகப் பார்த்த முகம். தங்கள் தெருவில் நடந்தவர், பிள்ளைக்குப் பாடம் சொன்னவர், பஞ்சத்தில் சோறு போட்டவர். பயந்து கிடக்கும் ஒரு வீட்டில் நம்பிக்கை என்பது தெரிந்த முகமாகத்தான் வாசலுக்கு வரும் என்று நினைக்கிறேன்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொள்ளைநோய் வந்தால் ஒருவரை ஒருவர் தொடாமல் இருக்க வேண்டியிருக்கிறது. அது மருத்துவம். ஆனால் பிறப்பைப் பார்த்துத் தொடாமல் இருந்தே பழகிய சமூகத்தில், நோயைச் சாக்கு வைத்து எது வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பது தெரிந்ததுதானே. 2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவித்தார்கள். உப்பு வாரும் காலம் தொடங்கிச் சூடு பிடிக்கும் நேரம். அந்த நாள்களில் ஓர் ஊரில், காலனிக்குப் போகும் பாதையில் மட்டும் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்திருந்ததை நானே பார்த்தேன். மற்ற மூன்று பாதைகளில் முள் இல்லை. கேட்டதற்கு நோய்க் கட்டுப்பாடு என்றார்கள். அதே ஊரில் காலனிப் பெண்கள்தான் தினமும் வந்து தெரு கூட்டிக் கிருமிநாசினி தெளித்தார்கள். முள்ளைத் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும்.

சாவித்ரிபாயின் காலத்தில் நோய் என்பது தெய்வக் குற்றம், முன்வினை என்று சொல்ல ஆள் நிறைய உண்டு. நம் ஊரில் அம்மை போட்ட வீட்டில் வேப்பிலை செருகி, வெளி ஆள் வராமல் காத்து, நோயாளிக்குக் கூழும் இளநீரும் கொடுத்துப் பார்த்துக்கொண்ட வழக்கத்தை நான் இளக்காரமாகச் சொல்ல மாட்டேன். அதில் தெய்வ பயத்தோடு பராமரிப்பும் இருந்தது. முன்வினை என்ற பேச்சு அப்படிப்பட்டதல்ல. அது நோயாளியைத் தனியாக விட்டுவிட்டு, பார்ப்பவருக்கு நிம்மதியைக் கொடுக்கும். சாவித்ரிபாய் ஒருநாளும் அந்தப் பேச்சை ஏற்கவில்லை. எல்லோரையும் படைத்தவர் ஒருவரே என்றால் மகர் சேரியில் கிடக்கும் பிள்ளையும் அவர் பிள்ளைதான் என்ற கணக்கு அவருடையது.

முண்ட்வாவின் மகர் சேரியில் கிடந்த அந்தப் பிள்ளையின் பெயர் பாண்டுரங், பாபாஜி கெய்க்வாடின் மகன். தகவல் தெரிந்ததும் சாவித்ரிபாய் அங்கே போனார். வண்டிக்கும் ஆளுக்கும் காத்திராமல் பிள்ளையை முதுகில் தூக்கிக்கொண்டு ஹடப்சர் முகாமுக்கு வந்து சேர்ந்தார். சிகிச்சையில் பிள்ளை பிழைத்துக்கொண்டான் என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். சுமந்து வந்தவருக்கு நோய் கண்டது. மார்ச் 10 இரவு ஒன்பது மணி அளவில் உயிர் பிரிந்தது.

அடுத்த சில நாள்களில் பூனாவில் ராண்ட் என்ற அதிகாரியின் தலைமையில் ராணுவத்தினர் வீடு வீடாகப் புகுந்து சோதனை போடத் தொடங்கினார்கள். பூஜை அறைக்குள் பூட்ஸ் காலோடு நுழைந்ததும் பெண்களை அவமானப்படுத்தியதும் பெரும் கொந்தளிப்பாயிற்று. ஜூன் 22 இரவு சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டார்கள். பூனா பிளேக் என்றால் பெரும்பாலான வரலாற்றுப் புத்தகங்களில் வருவது இந்தத் துப்பாக்கிச் சூடுதான். ஹடப்சர்த் தோட்டத்து முகாமுக்கு அதே புத்தகங்களில் ஒரு பத்தி கிடைப்பதே அரிது. யஷ்வந்த் மறுபடி ராணுவப் பணிக்குப் போனார். சில ஆண்டுகள் கழித்துப் பூனாவில் மீண்டும் பிளேக் பரவியபோது நோயாளிகளைப் பார்க்க வந்தார். அந்த நோயிலேயே அவரும் இறந்தார்.

புத்தர், கபீர் வரிசையில் ஜோதிராவையும் தன் குருவாக வைத்தவர் அம்பேத்கர். பூனாப் பல்கலைக்கழகத்துக்கு 2014இல் சாவித்ரிபாயின் பெயரை வைத்தார்கள். சேரிப் பிள்ளைக்கு எழுத்துச் சொன்னதற்காகச் சாணி வாங்கிய ஊரில் அவர் பெயரில் பட்டம் வழங்குகிறார்கள். முக்தா சால்வே அதைப் பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பாள் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு. இலவசமாகப் பார்க்கும் மருத்துவர் உண்டா என்று அவள் கேட்டது 1855இல். அவளுடைய ஆசிரியை தன் மகனை மருத்துவராக்கி அவள் சாதிக்காரர்கள் படுக்கும் இடத்துக்கே கொண்டுவந்து நிறுத்தியது 1897இல். இடையில் 42 ஆண்டுகள்.

மரக்காணம் வகுப்பில் இதையெல்லாம் சொல்லி முடித்ததும் ஒரு பையன் எழுந்து, அறுபத்தாறு வயதுப் பாட்டியால் ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் நடக்க முடியுமா, சார், இது கட்டிச் சொன்ன கதையாக இருக்குமோ என்று கேட்டான். நல்ல கேள்வி. நான் பதில் யோசிப்பதற்குள் பின்வரிசையில் இருந்த ஒரு பெண் சிரித்துவிட்டாள். அவளுடைய பாட்டி இப்போதும் உப்புக் கூடை சுமக்கப் போகிறாராம். வயது எத்தனை என்று கேட்டேன். சரியாகத் தெரியாது, அறுபதுக்கு மேல் என்றாள். கூடை ஈர உப்பாக இருந்தால் பாரம் கூடும், ஆனாலும் பாட்டி இடையில் இறக்கி வைக்காது என்றும் சொன்னாள். கேள்வி கேட்ட பையன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு உட்கார்ந்தான். பிறகு, பிழைத்த அந்தப் பையனின் பெயரை இன்னொரு தடவை சொல்லச் சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டான்.